டாப் டென்னில் மாட்டிக்கொண்ட லிசிக்கா

பாலக்கரையில் டாக்டர் விக்டரின் கிளினிக்குக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது டாக்டரை இல்லை, லிசிக்காவை. கதவைத் தள்ளியதும் இடது கைப்பக்கம் ஒரு மேசை, மேசைமேல் நீள நோட்டு, நோட்டுக்குப் பின்னால் லிசிக்கா. இருபத்திரண்டு வயதில் வந்து உட்கார்ந்தவருக்கு இப்போது நாற்பத்தாறு. நடுவில் நாற்காலியை மூன்று முறை மாற்றியிருக்கிறார்கள், அவரை மாற்றவில்லை.

டோக்கன் மெஷின் ஒன்று வாங்கலாம் என்று டாக்டர் ஒருமுறை ஆசைப்பட்டார்.

"மெஷினு நம்பரத்தான் சொல்லும் டாக்டர். வர்றவங்களுக்குப் பேரு இருக்கு" என்றார் லிசிக்கா. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவருடைய நோட்டில் பெயரும் தெருவும் மட்டும்தான் இருக்கும். என்ன வியாதி என்று ஒரு எழுத்து இருக்காது. ஒரே பெயரில் இரண்டு பேர் வந்தால் தெருவைச் சேர்த்துக் கூப்பிடுவார். "மூல வியாதி செல்வராஜ்னு கூப்பிட்டா ஈஸியா இருக்குமேக்கா" என்று நான் ஒருநாள் யோசனை சொன்னேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஒரு நாளைக்கு நூறு பேராவது வருவார்கள். வருகிற ஒவ்வொருவரும் மேசையருகே நின்று, "எப்பக்கா கூப்பிடுவீங்க?" என்று கேட்பார்கள். தலையை நிமிர்த்தாமல், எழுதுவதை நிறுத்தாமல், ஏற்றமும் இறக்கமும் இல்லாத குரலில் லிசிக்கா சொல்வார்: "உக்காருங்க, பேரு வரும்." போய் உட்காருவார்கள். பெயர் வரும். இருபத்துநான்கு வருடம் இப்படித்தான் ஓடியது. அதைக் கெடுத்தது நான்.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வேறு யாராவது இதைவிட மோசமாகச் சொல்லிவிடுவார்கள். லிசிக்கா இருக்கும் காம்பவுண்டில் மூன்றாவது வீடு எங்களுடையது. பத்தாம் வகுப்புக் கணக்கு என்னைத் தோற்கடித்தது. நான் அதை மன்னித்துவிட்டேன். கிளினிக்குக்கு நேர் எதிரே மொபைல் கடையில் வேலை. குக்கர் விசில் சத்தத்தை ஃபோனில் பதிந்து வைத்திருக்கிறேன். காம்பவுண்டில் யாராவது விசில் எண்ணிக்கொண்டிருக்கும்போது ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து அதில் ஒன்று போட்டால் போதும், அன்றைக்கு அந்த வீட்டில் பருப்பு வேகாது.

போன ஐப்பசியில் சளி பிடித்து, கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பொழுது போகாமல் ஹாலை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தபோது வீரமலை வந்தார். வியாபாரிகள் சங்கம் ஒன்றில் பல வருடம் செயலாளராக இருந்தவர். பின்னால் இரண்டு பேர் இல்லாமல் தெருவில் நடக்கமாட்டார். அன்றைக்கு மட்டும் தனியாக வந்தார், கையில் விரித்த பேப்பரோடு.

"நான் உடனே உள்ள போகணும்."

"உங்களுக்கு முன்னாடி எட்டுப் பேரு இருக்காங்க அய்யா."

"நான் யாருன்னு தெரியுமா?"

"உக்காருங்க, பேரு வரும்."

ஹால் குலுங்கிச் சிரித்தது. எனக்குத் தும்மலே நின்றுவிட்டது. அந்த இடத்தை மட்டும் பதினோரு நொடிக்கு வெட்டி, பின்னால் ஒரு மேளச் சத்தம் சேர்த்து, காம்பவுண்டு வாட்ஸப் குழுவில் போட்டேன். மறுநாள் காலை அது காந்தி மார்க்கெட்டில் இருந்தது. சாயங்காலம் அம்மா மண்டபத்து டீக்கடையில் அதைப் பார்த்ததாக ஸ்ரீரங்கத்திலிருந்து ஒருத்தர் எனக்கே அனுப்பினார். மூன்றாம் நாள் டிவிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் ஊர் கேபிள் சேனலில் ஞாயிறு காலை பதினோரு மணிக்கு 'நாக்குல நிக்குது' என்று ஒரு நிகழ்ச்சி வருகிறது. சினிமாக்காரர் வசனம் கிடையாது. எல்லாம் ஊர்க்காரர் வாயில் வந்தவை. பத்திலிருந்து ஒன்று வரை வரிசைப்படுத்துவார்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டு கண்டக்டர் ஒருத்தரின் "படியில நிக்கிறவன் நேரா பரமபதம்" பல வாரமாக முதலிடம். "பைப்பு வந்தாச்சு, தண்ணிதான் வரணும்" என்று யாரோ ஒரு கவுன்சிலர் மேடையில் சொன்னது இரண்டாமிடம். கல்யாண வீடுகளில் மைக் பிடித்துக்கொண்டிருந்த பிராங்க்ளின்தான் தொகுப்பாளர். மஞ்சள் கோட்டு போட்டுக்கொண்டு, ஒவ்வொரு நம்பரையும் ஏலம் விடுவதுபோல் சொல்வார். ஓட்டுப் போடுவது சுலபம்: டயலாக்குக்கு ஒரு ஃபோன் நம்பர், அதற்கு ஒரு மிஸ்டு கால்.

லிசிக்கா ஒன்பதாம் இடத்தில் நுழைந்தார். மூன்றே வாரத்தில் நாலாம் இடம். அங்கேயே நின்றுவிட்டார், பதினாலு வாரம்.

முதல் வாரம் எல்லோரையும்போல அவரும் சிரித்தார். பூசை முடிந்து கோயிலிலிருந்து வரும்போது, "எங்க போனாலும் நம்ம பேச்சுதான் போ" என்று அம்மாவிடம் சொன்னதை நானே கேட்டேன். இரண்டாவது வாரம், அவர் வாயைத் திறந்ததும் கிளினிக் ஹாலே சேர்ந்து சொல்ல ஆரம்பித்தது. "கொஞ்சம் பொறுங்க" என்று மாற்றிப் பார்த்தார். "பேரு வரும்!" என்று ஹால் முடித்துவைத்தது. பேசாமல் கையால் பெஞ்சைக் காட்டினார். அதற்குத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய சிரிப்பு. கோயிலில் நற்கருணை வாங்க வரிசையில் நிற்கும்போது பின்னாலிருந்து யாரோ கிசுகிசுத்தார்கள். பால் பூத்தில், ரேஷன் கடையில், ஸ்ரீரங்கம் பஸ்ஸில் சொன்னார்கள். யாரும் திட்டவில்லை. எல்லோரும் பிரியத்தோடுதான் சொன்னார்கள். யாரோடு சண்டை போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

டாக்டருக்கோ ஒரே சந்தோஷம். லிசிக்காவின் தலைக்கு மேலே அந்த வசனத்தைக் கொட்டை எழுத்தில் அச்சடித்து மாட்டினார். லிசிக்கா அதைச் சுவர் பக்கமாகத் திருப்பிவைத்தார். டாக்டர் திரும்பவும் இந்தப் பக்கம் திருப்பினார்.

"லிசி, சிரிச்சுக்கிட்டே சொல்லு. ஜனங்க அதுக்குத்தான வர்றாங்க."

"காய்ச்சலுக்கு வர்றாங்க டாக்டர்."

"ரெண்டுக்கும் வரட்டுமே."

மாசி மாதம் ஒருநாள் டாக்டர் அறையிலிருந்து ஒரு ஆள் ரிப்போர்ட்டைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தார். முகத்தைப் பார்த்தாலே தெரியும், நல்ல ரிப்போர்ட் இல்லை. லிசிக்கா எழுந்து, "கொஞ்சம் உக்காருங்கண்ணே" என்றார். பாதி வார்த்தையிலேயே ஹால் ஒரே குரலாகப் "பேரு வரும்!" என்று கத்திக் கைதட்டியது. அந்த ஆள் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் காம்பவுண்டு குழாயடியில் லிசிக்கா என் குடத்தை நகர்த்திவிட்டுத் தன் குடத்தை வைத்தார்.

"அத எடுக்கச் சொல்லு தர்ஷினி."

"டிவிக்காரங்ககிட்டயாக்கா? எனக்கு எப்படிக்கா அவங்கள..."

"நீதான போட்ட?"

"யாரு சொன்னா?"

"வீடியோவுல ஓரமா ஒரு சுடிதார் கை தெரியுது. நாந்தான தச்சுக் குடுத்தேன், எனக்குத் தெரியாதா? நாலு மாசமா நீயே வந்து சொல்லுவேன்னு பாத்தேன்."

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நான் குழாயை மூடவில்லை, அவரும் மூடவில்லை.

"நாளைக்கு நான் எப்படிடி கூப்பிடுவேன்? வாயத் தொறந்தாலே கூத்தாயிடுது. உடம்புக்கு முடியாதவங்க நடுவுல நான் என்ன, கோமாளியா?"

அப்போதுதான் எனக்கு முழு வீடியோ நினைவுக்கு வந்தது. வெட்டியது பதினோரு நொடி. எடுத்தது நாலு நிமிடம். லிசிக்கா ஏதோ நல்லது செய்வதும் அதில் இருந்ததாக ஒரு ஞாபகம். அதையும் போட்டால் ஊர் வாயை மூடிக்கொள்ளும் என்று சொல்லி, அங்கேயே ஃபோனை எடுத்து ஓட்டினேன். நானும் அன்றைக்குத்தான் அதைச் சரியாகப் பார்த்தேன்.

ஹால் சிரிக்கிறது. எல்லார் கண்ணும் லிசிக்காமேல் இருக்கிறது. அவர் வேண்டுமென்றே நோட்டைப் படார் என்று மூடி, "என்ன சிரிப்பு, இது ஆஸ்பத்திரியா கொட்டகையா?" என்று இந்தப் பக்கம் பார்த்து அதட்டுகிறார். அதட்டிக்கொண்டே மேசை டிராயரிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கீழாக நீட்டுகிறார். வீரமலை வாங்கி இடுப்பைச் சுற்றிக்கொள்கிறார். அந்த ஒரு கணம் பேப்பர் விலகுகிறது. வேட்டி முன்பக்கம் நனைந்திருக்கிறது. லிசிக்கா அவரைத் தன் உடம்பால் மறைத்தபடி பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே கூட்டிப்போகிறார். ஹால் இன்னும் லிசிக்கா சொன்னதையே சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறது. ஒருத்தர்கூட வேட்டியைப் பார்க்கவில்லை.

அந்த மனிதர் அவசரத்தில் கத்தியிருக்கிறார். ஊர் அதைத் திமிர் என்று நினைத்தது. ஊர் அப்படி நினைக்கட்டும் என்று லிசிக்கா விட்டுவிட்டார்.

"இதப் போட்டுரலாம்கா. இதப் பாத்தா ஒருத்தன் சிரிப்பானா?"

"அவரு?"

வேட்டி தெரிகிற இடத்தில் வீடியோவை நிறுத்தினேன்.

"அழிச்சிடு" என்றார். அழித்தேன். "அழிச்சதெல்லாம் போயி உக்காருமே, அங்கயும் போயி அழி." அங்கேயும் போய் அழித்தேன். தப்பிக்க இருந்த ஒரே வழியும் அத்தோடு போனது.

இன்னொரு வழி இருப்பதைக் கண்டுபிடித்தது நான்தான். 'நாக்குல நிக்குது' நிகழ்ச்சியிலிருந்து ஒரு டயலாக் வெளியேற இரண்டு வாசல். ஓட்டுக் குறைந்து பத்துக்குக் கீழே விழ வேண்டும். இல்லாவிட்டால் தொடர்ந்து நாலு வாரம் முதலிடத்தில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் சொன்னவரை நேரில் கூப்பிட்டு, கடைசியாக ஒருமுறை சொல்லவைத்து, பொன்னாடை போர்த்தி ஓய்வு கொடுத்துவிடுவார்கள். அப்புறம் சேனல் அதைப் போடவே போடாது. நாலாம் இடம் என்பது இரண்டு வாசலுக்கும் எட்டாத இடம்.

ஓட்டுப் போடாதீர்கள் என்று முதலில் காம்பவுண்டு முழுக்கக் கெஞ்சினேன். அந்த வாரம் லிசிக்கா மூன்றாமிடம். சரி, மேல்வாசல்தான் என்று முடிவுசெய்தேன். கடைக்கு ரிப்பேருக்கு வந்த ஒவ்வொரு ஃபோனிலிருந்தும் ஒரு மிஸ்டு கால் போனது. "மைக் வேலை செய்யுதான்னு பாக்குறேண்ணே" என்பேன். ஸ்கிரீன் உடைந்தது, பேட்டரி உப்பியது, தண்ணீரில் விழுந்தது எல்லாம் லிசிக்காவுக்கு ஓட்டுப் போட்டன. கண்டக்டரின் ஃபோனே ஒருநாள் சார்ஜ் ஏறவில்லை என்று வந்தது; அவரும் லிசிக்காவுக்குத்தான் போட்டார், அவருக்குத் தெரியாது.

சித்திரையில் முதலிடம் பிடித்தோம். அந்த நாலு வாரம் லிசிக்காவுக்கு நரகம். முதலிடத்தில் இருப்பதை மூன்று முறை போட்டுக் காட்டுவார்கள். காம்பவுண்டில் எட்டு வீட்டு டிவியும் ஒரே நேரத்தில் அவர் குரலில் பேசும். அவர் கதவைச் சாத்திக்கொண்டு தையல் மெஷினை ஓட்டுவார். துணி இல்லாமலே ஓட்டுவார்.

"இன்னும் எத்தன வாரம்டி?"

"ரெண்டுக்கா."

"ஒரே ஒரு தடவ சொன்னா போதும்ல? அதுக்கப்புறம் விட்டுருவாங்கல்ல?"

"சத்தியமா."

நாலாவது ஞாயிறு மன்னார்புரத்தில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஸ்டுடியோவுக்கு இரண்டு பேரும் போனோம். லிசிக்கா ஈஸ்டருக்கு எடுத்த புடவையைக் கட்டியிருந்தார். விளக்குகளுக்குக் கீழே நாற்பது நாற்காலி, நாற்பது பேர், நேரடி ஒளிபரப்பு. பிராங்க்ளின் அவரை நடுவில் நிறுத்தினார், என்னைப் பக்கத்தில் ஓரமாக.

"மக்களே! லிசி அக்கா அந்த டயலாக்க இன்னிக்குக் கடைசியா சொல்லப் போறாங்க. ஆனா யாருகிட்ட? வாங்கய்யா!"

பக்கத்து அறையிலிருந்து வீரமலையைக் கூட்டிவந்தார்கள். பாதியாக மெலிந்திருந்தார். வேட்டி இல்லாமல் ஊர் அவரைப் பார்த்ததில்லை. அன்றைக்குக் கறுப்பு பேன்ட் போட்டிருந்தார். அவர் வரப்போவது எனக்கும் தெரியாது, லிசிக்காவுக்கும் தெரியாது.

"அய்யா, அன்னிக்குச் சொன்ன அதே கெத்தோட கேளுங்க பாப்போம், நான் யாருன்னு தெரியுமான்னு!"

லிசிக்கா கழுத்திலிருந்த மைக்கைக் கழற்றினார். "நான் கெளம்புறேன் தம்பி."

"அக்கா! நீங்க சொல்லலேன்னா ஓய்வு கிடையாதுக்கா. லிஸ்ட்லயேதான் இருக்கும்."

"இருக்கட்டும்."

நாற்காலிகளில் சலசலப்பு. கேமராக்காரர் பிராங்க்ளினைப் பார்த்தார், பிராங்க்ளின் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். வீரமலை கையை உயர்த்தி எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொன்னார். சங்கக் கூட்டங்களில் பழகிய கை, ஹால் அடங்கியது.

"இந்த அம்மாவ இதுக்கு மேல கஷ்டப்படுத்தாதீங்க. ஊரு எதுக்குச் சிரிக்குதுன்னு ஊருக்கே தெரியல. அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு நானே சொல்லிடுறேன். அதுக்குத்தான் வந்தேன். அன்னிக்கு நான் உள்ள வரும்போது, என் வேட்டி..."

"உக்காருங்க!"

மைக் இல்லாமலே அந்தக் குரல் கடைசி நாற்காலி வரை போனது. இருபத்துநான்கு வருடத்தில் லிசிக்கா அப்படிக் கத்தி யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

வீரமலை அவரைப் பார்த்தார். லிசிக்கா தலையை லேசாக, வேண்டாம் என்பதுபோல் அசைத்தார். பக்கத்தில் நின்ற எனக்கே அது பட்டும் படாமலும்தான் தெரிந்தது.

"பேரு வரும்" என்றார், இன்னும் சத்தமாக.

வீரமலை உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அடக்கமாட்டாமல் சிரிக்கிறார் என்று நினைத்து நாற்பது பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சரிகைப் பொன்னாடை வந்தது. லிசிக்காவின் தோளில் போர்த்தினார்கள்.

கீழே டயர் கடை வாசலில் வீரமலை காத்திருந்தார்.

"எதுக்கும்மா தடுத்த? சொல்லிட்டா ரெண்டு பேருக்கும் விட்டுப் போயிருக்கும்ல?"

"அது எங்க நோட்டுல எழுதாத விஷயம் அய்யா."

"ஊரெல்லாம் என்னைத் திமிர் புடிச்சவங்குது. அதுகூடப் பரவால்ல. ஒன்னையும்ல சேத்து நோகடிக்குது."

"மாத்திரை விடாம சாப்பிடுறீங்களா?"

"சாப்பிடுறேன்."

"ராத்திரி மாத்திரையத்தான் மறந்துருவீங்க. டம்ளர்கிட்டயே வைங்க."

அவர் தலையாட்டிவிட்டு ஆட்டோவில் ஏறினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் லிசிக்கா பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, பல மாதம் கழித்து ஜன்னலோரமாகத் தூங்கினார். எங்கள் ஸ்டாப்பில் அவரை எழுப்ப மனமில்லாமல், ஒரு ஸ்டாப் தள்ளி இறக்கினேன்.

ஒரு வாரம் நிம்மதியாக இருந்தது. அடுத்த ஞாயிறு பதினோரு மணிக்கு பிராங்க்ளின் புதுக் கோட்டில் வந்தார்.

"ஆறாம் இடம், புது வரவு! பழைய டயலாக்குக்கு ஓய்வு குடுத்துட்டோம் மக்களே, நாங்க வாக்குத் தவற மாட்டோம். ஆனா இது பழசு இல்ல. இது லிசி அக்கா நம்ம மேடையில கத்தினது, கர்ஜனை வெர்ஷன்!"

எட்டு வீட்டு டிவியும் ஒன்றாகக் கத்தின. லிசிக்காவின் வீட்டில் தையல் மெஷின் ஓடவில்லை. போய்ப் பார்த்தேன். வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்து, "இத்தன ஃபோன் ரிப்பேரு பண்ணியே, ஒண்ணும் ஆகலயேடி" என்றார். சிரிக்கத்தான் முயன்றார் என்று நினைக்கிறேன்.

இப்போது அது மூன்றாமிடத்தில் நிற்கிறது. மேலேயும் போகவில்லை, கீழேயும் விழவில்லை.

அது வந்த மறுநாள் திங்கட்கிழமையிலிருந்து லிசிக்கா கிளினிக்கில் வாயைத் திறந்து கூப்பிடுவதில்லை. நோட்டைப் பார்ப்பார். எழுந்து, பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து, அந்த ஆளின் பக்கத்தில் போய்க் குனிந்து, காதோடு பெயரைச் சொல்வார். திரும்பி வந்து உட்கார்வார். அடுத்த பெயருக்கு மறுபடி எழுந்திருப்பார். ஹாலுக்குச் சேர்ந்து சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. இரண்டொரு பேர் கத்திப் பார்த்தார்கள். தனியாகக் கத்தினால் நன்றாக இல்லை என்று விட்டுவிட்டார்கள். தெருவில் மட்டும் இன்னும் கத்துகிறார்கள்.

"என்ன லிசி இது புதுப் பழக்கம்? லேட்டாகுதுல்ல?" என்று டாக்டர் கேட்டாராம்.

"நடந்தா உடம்புக்கு நல்லதுன்னு எல்லாருக்கும் நீங்கதான சொல்றீங்க டாக்டர்" என்றாராம்.

ஒரு நாளைக்கு நூறு முறை எழுந்து உட்கார்ந்ததில் அவருடைய இடது முழங்கால் வீங்கிவிட்டது. அதற்கு மாத்திரை சாப்பிடுகிறார். அந்த விஷயமும் நோட்டில் இருக்காது.

போன வியாழன் எனக்குத் தொண்டை வலி. நோட்டில் பெயர் கொடுத்துவிட்டு, அவர் கண்ணில் அதிகம் படாமல் இருக்கலாம் என்று கடைசி பெஞ்சில், சுவரோரம் உட்கார்ந்தேன். அது எவ்வளவு தூரம் என்று அவர் நடந்து வரும்போதுதான் தெரிந்தது. சுவரில் ஒரு கை ஊன்றி, காலைத் தேய்த்துத் தேய்த்து வந்தார். குனிந்து, "தேவதர்ஷினி" என்றார். எங்கள் வீட்டில்கூட யாரும் என் பெயரை முழுசாகச் சொல்வதில்லை.

நான் எழுந்திருக்கவில்லை.

"என்னடி, போ உள்ள."

"நீங்க போயி உக்காருங்கக்கா. அடுத்த ஆள நான் கூப்புடுறேன்."

"யாருன்னு தெரியுமா உனக்கு?"

ஹாலைப் பார்த்தேன். முப்பது பேர் இருந்தார்கள். பாதிப் பேரின் ஃபோனை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். ஒருத்தர் பெயர்கூடத் தெரியவில்லை.

லிசிக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு, அடுத்த பெயரைச் சொல்ல முன் வரிசைக்கு நடந்தார்.